இங்கிலாந்தில் தனியார் வீட்டுத் தோட்டத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பது வீண்செலவா?

வீண்செலவு என்று யார் சொன்னாலும் ஏற்கமாட்டேன். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து, முதல் குளிர்காலத்தை எப்படியோ தள்ளிவிட்டு, மார்ச் பிறந்ததும் எங்கே போகலாம் என்று தேடுகிறவர் நீங்கள் என்று நினைக்கிறேன். லண்டனில் இருக்கும் பெரிய தாவரவியல் பூங்காவான கியூ தோட்டத்துக்கும் போங்கள். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், செடியை நட்டு வளர்த்தவரே பக்கத்தில் நின்று பேசுவது, அறப்பணிக்கு நிதி திரட்டத் தனியார் தோட்டங்களைக் கட்டணத்துக்குத் திறந்துவிடும் நேஷனல் கார்டன் ஸ்கீம் என்ற அமைப்பின் மஞ்சள் சுவரொட்டி தொங்கும் வீடுகளில்தான்.

என் மாமியார் மதுரைக்காரர். தலையில் மல்லிகை இல்லாமல் வாசல் தாண்டாதவர். அவர் வந்திருந்தபோது சர்ரேயில் ஒரு கிராமத்து வீட்டுக்கு அழைத்துப் போனோம். டாஃபடில்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ப் பூவுக்கு வாசனையே கிடையாதா?" என்றார். நான் அதைச் சொன்னதும், வீட்டுக்கார அம்மையார் பேசாமல் சுவரோரத்து டாஃப்னிப் புதரிடம் கூட்டிப் போனார். சுண்டுவிரல் நகத்தளவுப் பூக்கள்தான். மணமோ நெருங்கும் முன்பே ஆளைப் பிடித்துவிட்டது. பிறகு, தலைகவிழ்ந்தே பூக்கும் ஹெல்லிபோரை விரலால் நிமிர்த்திக் காட்டினார். உள்ளே இதழெங்கும் கருஞ்சிவப்புப் புள்ளிகள்! அதன்பின் மாமியார் ஒவ்வொரு பூவாக நிமிர்த்திப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார். டாஃப்னிக்குப் பதியன் போடுவது எப்படி என்று இருவரும் கைச்சைகையிலேயே பேசி முடித்தார்கள்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் எழுதக்கூடும். 1927இல் மாவட்டச் செவிலியர்களுக்கு நிதி திரட்ட, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு தொடங்கியது இது. இன்றும் வசூல் மேக்மில்லன், மேரி கியூரி போன்ற, நோயாளிகளைப் பராமரிக்க உதவும் அறநிறுவனங்களுக்குப் போகிறது. மாளிகைகள் மட்டுமல்ல, வரிசை வீடுகளின் சின்னக் கொல்லைகளும் பட்டியலில் உண்டு.

எனக்கு ஆத்திரம் வருவது பஸ் விஷயத்தில்தான். பெரும்பாலான வீடுகள் ஞாயிற்றுக்கிழமை திறக்கின்றன. அன்றைக்குப் பார்த்துப் பல கிராமங்களுக்குப் பஸ் கிடையாது. கார் இல்லாதவர்களும் முதியவர்களும் என்ன செய்வார்கள்? சாலை வரி, நகராட்சி வரி என்று வாங்குவதில் மட்டும் ஒரு நாளும் விடுமுறை இல்லை.

ரயில் நிலையத்திலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் இருப்பதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நீலமணிப் பூக்காடு, அதாவது காட்டுத் தரையெங்கும் புளூபெல் பூக்கள் பூத்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல் கடைசி வரை பொறுங்கள். படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்ட இலைகள் தேறப் பல ஆண்டுகள் ஆகும்.