ஏரிச் சாலையில் காட்டிய குதிரைக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கொடைக்கானல் ஏரிச் சாலையில் விற்பவர் குதிரையைச் சேணம் பூட்டிக் காட்டினார், வயது 7 என்கிறார், இன்றே முன்பணம் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள் நண்பரே. நாளைக் காலை சொல்லாமல் லாயத்துக்குப் போங்கள். சேணம் ஏறும் முன்பே பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் கயிற்றைத் தளரவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். நொண்டல் இருந்தால், வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும்.

நான் வாங்கியது முதல் நாள் பசுமாடு போல நின்றது. தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து. மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று மூன்றாம் நாள் அது உதைத்தபோதுதான் புரிந்தது.

அப்புறம், மேல்வரிசை முன்பற்களில் கடைசிப் பல்லைப் பாருங்கள். ஈறிலிருந்து பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் பெரும்பாலும் 10 வயதுக்கு மேல். கால்நடை மருத்துவரை நீங்களே கூட்டிப் போங்கள், விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம்.