மினி ஜூ வேண்டாம், சைக்கிள் ஸ்டாண்டில் இருக்கும் குட்டி போதும்

கேள்வி: நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பும் என்னிடம்தான். பிள்ளைகளுக்கு விலங்குகள்மேல் அன்பு வரவேண்டும் என்று வராந்தாவில் ஒரு 'மினி ஜூ' வைக்கத் தலைமையாசிரியர் விரும்புகிறார். முயல், லவ் பேர்ட்ஸ், கிளி, நட்சத்திர ஆமை எல்லாவற்றையும் கூண்டோடு தருவதாக ஒருவர் சொல்கிறார். சான்றிதழும் உண்டாம். இதற்கிடையே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தெருவிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிவந்து சைக்கிள் ஸ்டாண்டில் வைத்துச் சோறு போடுகிறார்கள். பெற்றோர் சிலர் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மினி ஜூ வேண்டாம் டீச்சர். குட்டி இருக்கட்டும்.

முதலில் அந்தச் சான்றிதழ். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் நம் நாட்டு வனவிலங்குகள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். ஆமை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புப் பெற்ற விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு சிறை. கிளி ஜோசியக்காரர் வைத்திருக்கிறாரே என்பீர்கள். அவர் வைத்திருப்பதும் குற்றம்தான், யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். இந்த ஆட்கள் காட்டும் சான்றிதழ் கடை லெட்டர்பேடில் அடித்து ரப்பர் ஸ்டாம்ப் குத்திய காகிதம். வனத்துறை வந்து நிற்கும் நாளில் விற்றவர் செல்போன் அணைந்திருக்கும், கூண்டு உங்கள் வராந்தாவில் இருக்கும். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.

"அப்படியானால் லவ் பேர்ட்ஸும் தப்பா?" எந்தப் பள்ளிக்குப் பேசப் போனாலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் அந்தச் சின்னப் பறவையின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே குஞ்சு பொரித்து வருவது. நாட்டுப் பறவை அல்லாததால் வளர்க்கத் தடையில்லை. பச்சையாக இருந்தாலும் தடையில்லை, நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அதே கடையில் சாயம் பூசி 'ஃபாரின் பேர்ட்' என்று தள்ளிவிடும் சில்லைகள் நம் வயல்வெளிப் பறவைகள், அவற்றை வாங்கக் கூடாது. முயலும் இப்படித்தான். பண்ணையில் வளரும் வெள்ளை முயல் வளர்க்கலாம், காட்டு முயல் கூடாது. சரி, சட்டம் தடுக்கவில்லை என்பதால் வராந்தாவில் வைத்துவிடலாமா? வெள்ளிக்கிழமை மாலை கேட்டைப் பூட்டினால் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பீர்கள். நடுவில் தண்ணீர் ஊற்றுவது யார்? காலாண்டு விடுமுறையில்? மே மாதத்தில்? பெயர் எழுதிக் கையெழுத்துப் போட ஆள் இல்லையென்றால் கூண்டு வாங்காதீர்கள்.

இப்போது குட்டி. ஆறு வாரம் ஆகாத பால்குடிக் குட்டியாக இருந்து, தாய் பக்கத்துத் தெருவிலேயே திரிந்தால், தாயிடமே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். தூக்கிவந்தது அன்பு அல்ல என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டியதும் உங்கள் வேலைதான். வளர்ந்த குட்டி என்றால் குட்டியோடு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அரசுக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். முதலில் குடற்புழு மருந்து. 6 முதல் 8 வாரத்துக்குள் பார்வோ என்ற ரத்தக் கழிச்சல் உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர், பிறகு வருடா வருடம். ஒரு நோட்டில் தேதிகளைப் பிள்ளைகளே எழுதட்டும். தயிர்சோறும் முட்டையும் போதும். க்ரீம் பிஸ்கட், சாக்லேட் வேண்டவே வேண்டாம். நாய்க்குச் சாக்லேட் விஷம்.

இங்கேயும் ஒரு கூட்டம் குறுக்கே வரும். "மருந்தகத்தில் யார் வரிசையில் நிற்பது, நானே வந்து போட்டுவிடுகிறேன்" என்று பைக்கில் வருவார்கள். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டியது. பேண்ட் பாக்கெட்டில் வரும் குப்பி வெறும் தண்ணீருக்குச் சமம். தடுப்பூசிப் புத்தகத்தைப் பாருங்கள். குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி, பக்கத்தில் டாக்டர் கையெழுத்து, பதிவு எண். இவை இல்லாமல் பேனாவால் தேதி மட்டும் கிறுக்கியிருந்தால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரின் பயம் நியாயமானது. குட்டிக்கும் வெறிநோய் வரும். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். வாலை ஆட்டும் நாயெல்லாம் கடிக்காது என்றும் நம்ப வேண்டாம். அதைவிட முக்கியம், கடிபட்டால் மறைக்காமல் சொல்வது. அம்மா திட்டுவாள் என்று நகம் கீறிய காலைச் சாக்ஸுக்குள் மறைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். நோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். "சொன்னால் திட்டமாட்டேன்" என்று நீங்கள் வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனை. முதல் நாள் போட்டபின் 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி உண்டு, இலவசம்தான். ரத்தம் வந்த கடி என்றால், காயத்திலேயே போடும் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் கேளுங்கள்.

மற்றபடி கல்வித்துறையை எதிர்பார்க்காதீர்கள். அக்டோபர் 4 உலக விலங்குகள் தினத்துக்குச் சுற்றறிக்கை வரும், ஓவியப் போட்டி நடத்தி போட்டோ அனுப்பச் சொல்வார்கள். மனுநீதிச் சோழன் நாடகம் போடுவீர்கள். அன்று மாலையே கேட்டுக்கு வெளியே சிவப்பும் பச்சையும் சாயம் போட்ட கோழிக்குஞ்சு விற்பான். அவை முட்டைக்கோழிப் பொரிப்பகம் வேண்டாமென்று கழிக்கும் சேவல் குஞ்சுகள். முதல் வாரத்தில் 32 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அட்டைப்பெட்டியில் இரண்டு நாள் தாங்காது. வகுப்பே சேர்ந்து வாங்காமல் இருந்தால் அவன் அடுத்த வாரம் வரமாட்டான். சட்டம் நிறுத்தும் என்று நம்பாதீர்கள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. டீ, வடை செலவு! இத்தனை ஆண்டுகளில் அந்த எண்ணை மாற்ற யாருக்கும் நேரமில்லை.

கடைசியாகக் கருத்தடை. தெருநாய்க்குக் கருத்தடை செய்வது 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. நகராட்சிக்கு இப்போதே மனு எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராது, மாதம் ஒருமுறை நினைவூட்டுங்கள். பெண் குட்டி என்றால் தள்ளிப்போடவே வேண்டாம், ஆறேழு மாதத்தில் முதல் சினைப்பருவம் வந்துவிடும்.