முதலில் மண்வெட்டியை எடுங்கள்: துணைமின் நிலையத் துருக் கேள்விகள்

கேள்வி: புதிதாக இறங்கிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆங்கிள்களில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. திருப்பி அனுப்பலாமா?

பதில்: மழையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் துத்தநாகம் அப்படித்தான் பூக்கும். நார்ப் பிரஷால் தேய்த்துவிட்டு, பூச்சுக் கனம் அளக்கும் மைக்ரான் மீட்டர் வையுங்கள். 85 மைக்ரான் பக்கம் காட்டினால் பேசாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 25 வருட யார்டு (துணைமின் நிலையத் திறந்தவெளி முற்றம்). எர்த் டெஸ்டரில் 0.4 ஓம். எர்த் மேட் (தரைக்கடியில் பதித்த இரும்புப் பட்டை வலை) நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடலாமா?

பதில்: எழுதாதீர்கள். மாதம் ஒருவராவது இதையே கேட்கிறார், எனக்கும் சொல்லி அலுத்துவிட்டது. அந்த எண், முழு மேட்டுக்கும் தூரத்து மண்ணுக்கும் இடையிலான தடை. பெரும்பாலும் மேட்டின் பரப்பைப் பொறுத்தது. உள்ளே நாலு பட்டை அறுந்தாலும் அசையாது. லைன் எர்த் வயரை (டவர் உச்சியில் ஓடும் கம்பி) கழற்றாமல் அளந்திருந்தால், டவர் கால்களையும் சேர்த்து அளந்திருக்கிறீர்கள். 0.3 ஓம் காட்டிய ஒரு 110 கேவி யார்டில் தோண்டினோம்: பிரேக்கர் ரைசர் (பிரேக்கரை மேட்டோடு இணைக்கும் பட்டை), தரைக்குக் கீழே ஒரு சாணில், பென்சில் கனத்துக்கு இளைத்திருந்தது. ஃபால்ட் (மின்பழுது) வரும்போது அந்த ஸ்ட்ரக்சரைத் தொட்டு நிற்பவர் கதி?

ரைசருக்கு ரைசர் 10 ஆம்பியருக்குக் குறையாமல் டிசி செலுத்தி மில்லி ஓம் பாருங்கள். பக்கத்து ரைசரைவிடப் பல மடங்கு வந்தால் இணைப்பு போயிருக்கிறது. ஆனால் பாதி அரித்த பட்டையும் நல்ல எண்தான் காட்டும். அதனால் தோண்டிப் பாருங்கள், முதல் ஒரு அடி போதும், அரிப்பு அங்கேதான் அதிகம். யார்டு சார்ஜில் (மின்சாரத்தில்) இருக்கும்போது ரைசரைக் கழற்றவே கூடாது.

கேள்வி: கோடையில் எர்த் பிட்டில் (எர்த் தண்டு புதைத்த குழி) உப்பு கொட்டலாமா?

பதில்: ஓம் குறையும், பட்டையும் குறையும். பெண்டோனைட் களிமண் போடுங்கள்.

கேள்வி: பழைய ஜிஐ மேட்டில் புதிதாகச் செம்புத் தண்டு சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஈர மண்ணில் அது ஒரு பேட்டரி. செம்பு தப்பிக்கும், துத்தநாகம் முதலில் கரையும், அப்புறம் இரும்பு.

கேள்வி: எங்கள் மண்ணில் பட்டை எத்தனை வருடம் தாங்கும்?

பதில்: எந்த ஊர், என்ன மண், மண்ணின் மின்தடைத்திறன் எத்தனை ஓம்-மீட்டர், ஒன்றும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. மண்ணில் நாலு இரும்பு முள் நட்டு அதை அளந்து எழுதுங்கள். 100க்கு மேல் என்றால் கவலை குறைவு. 25க்குக் கீழ் என்றால் பட்டைக் கனத்தை 30 சதவீதம் கூட்டுவது வழக்கம். அப்படியே ஒரு ரைசரையும் தோண்டிப் பாருங்கள்.

கேள்வி: கடலோர யார்டு. ஸ்ட்ரக்சர் காலடி மட்டும் துரு.

பதில்: மஃப் (காலடியைச் சுற்றிய கான்கிரீட் உறை) தட்டையாக இருக்கும், உப்புத் தண்ணீர் தேங்கும். மேலே சரிவு கொடுங்கள், விரிசலை அடையுங்கள். ஃபவுண்டேஷன் போல்ட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.