கட்டி என்றாலே புற்றுநோயா?

கேள்வி: அக்காவுக்கு மார்பில் சின்னதாக ஒரு கட்டி. ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்யச் சொல்கிறார் டாக்டர். ஊசி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். கட்டி என்றாலே புற்றுநோய்தானா?

பதில்: இல்லை. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான், வெறும் நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். ஆனால் தொட்டுப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்குத்தான் பயாப்சி. ஊசியால் நோய் பரவுவது மிக மிக அபூர்வம். அந்தப் பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து.

சரி, புற்றுநோய் என்றால் என்ன? உடம்பில் செல்கள் தேவைக்கேற்ப இரண்டாகப் பிரிந்து பெருகும், பழுதானால் தானாகவே செத்துப்போகும். இதற்கு உத்தரவு போடுவது மரபணுக்கள். அவை கெட்டுப்போய், செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதான் புற்றுநோய். 'பி53' என்றொரு மரபணு, டி.என்.ஏ. சேதமான செல்லைப் பிரியவிடாமல் நிறுத்திவைக்கும், சரிப்படாவிட்டால் சாகடிக்கும். ஏறக்குறைய பாதிப் புற்றுநோய்களில் இந்தக் காவல்காரனே கெட்டுப்போயிருக்கிறான். இப்படிப் பல பழுதுகள் சேர வருடக்கணக்காகும், வயதானவர்களுக்கு அதிகம் வருவது அதனால்தான்.

சாதாரணக் கட்டி இருந்த இடத்திலேயே வளரும். புற்றுக்கட்டி பக்கத்துத் திசுவுக்குள் நுழையும், அப்புறம் ரத்தம், நிணநீர் வழியாக வேறு உறுப்புக்கும் போகும். மார்பிலிருந்து எலும்புக்குப் போனாலும் அது மார்பகப் புற்றுநோய்தான், மருந்தும் அதற்கேற்பத்தான். (ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் கட்டியே இருக்காது, அது வேறு கதை.)

அக்காவைச் சீக்கிரம் கூட்டிப்போங்கள். ஒருவேளை புற்று என்று வந்தால் ஈ.ஆர்., பி.ஆர். (புற்றுச் செல்லில் ஹார்மோன் ஏற்பிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பவை), ஹெர்2 (அந்தப் பெயருள்ள புரதம் அதிகமா என்று பார்ப்பது) பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள், எந்த மருந்து என்று முடிவு செய்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.