‘100 வாட்’ போர்டும் 2 ஆம்ப்ஸ் அடாப்டரும்: ஆம்ப்ளிஃபயர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதியில் சப்ளை எத்தனை வோல்ட், ஸ்பீக்கர் எத்தனை ஓம்ஸ் என்ற இரண்டு விவரமும் இல்லை. “சவுண்டு சரியில்ல சார், என்ன பண்ணலாம்?” என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? மீட்டர் வைத்து அளந்து எழுதியவர்களுக்கு முதலில் பதில். 4440, 8403, 3116, 7294 என்று வருவதெல்லாம் போர்டில் இருக்கிற ஆம்ப்ளிஃபயர் ஐசியின் நம்பர்.

கேள்வி: 4440 ஐசி போர்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர். பாட்டு ஓடாதபோது ‘ம்ம்ம்’ என்று ஹம்மிங். வால்யூம் கண்ட்ரோலின் இரும்புப் பகுதியைத் தொட்டால் குறைகிறது. பில்டர் கெப்பாசிட்டர் மாற்ற வேண்டுமா?

தொட்டால் குறைகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதில்தான் விடை இருக்கிறது. கண்ட்ரோலின் உடம்பு கிரவுண்டில் இல்லை. அதன் முதுகைக் கொஞ்சம் சுரண்டி, ஒரு வயரை லெட் (சால்டர்) வைத்து இன்புட் கிரவுண்டில் சேருங்கள். இந்த ஐசியின் கெயின் 50 டெசிபலுக்கு மேல், அதாவது உள்ளே போவதை 300 மடங்குக்கும் மேல் பெருக்கும். இன்புட்டில் நாலு இன்ச் சாதா வயர் தொங்கினாலே போதும், வீட்டில் ஓடுகிற கரண்ட் எல்லாம் பாட்டாக வரும். ஷீல்டு வயர் போடுங்கள், டிரான்ஸ்ஃபார்மரை இன்புட் பக்கத்திலிருந்து எட்டத் தள்ளுங்கள்.

மற்றவர்களும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வால்யூமைக் கூட்டினால் ஹம்மிங்கும் கூடுகிறது என்றால் கோளாறு கண்ட்ரோலுக்கு முன்னால், இன்புட் வயரிங்கில். வால்யூம் சைபரில் இருந்தும் ஒரே அளவில் வருகிறது என்றால் சப்ளை அல்லது கிரவுண்ட். இரண்டாவதற்குத்தான் பில்டர் கெப்பாசிட்டர். போர்டில் 1000 மைக்ரோஃபாரட் இருந்தால் 4700 போடுங்கள், கூடவே 4007 டயோடுகளையும் கழற்றிவிட்டு 5408 போடுங்கள். 4007 ஒரு ஆம்ப்ஸ் டயோடு, அதை வைத்து 3 ஆம்ப்ஸ் எடுக்க நினைப்பது பேராசை.

கேள்வி: 8403 குட்டி போர்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் சவுண்டு கூடுமா?

புகை கூடும். 5.5 வோல்ட்தான் அதன் எல்லை. மொபைல் சார்ஜர் போதும், ஒரு லித்தியம் செல்லிலும் ஓடும்.

கேள்வி: அதே 4440 போர்டு, அதே 12-0-12. இரண்டு ஓர வயரையும் நாலு டயோடு பிரிட்ஜில் கொடுத்தேன். கெப்பாசிட்டர் வெடித்துவிட்டது. டூப்ளிகேட் கெப்பாசிட்டரா அண்ணா?

கெப்பாசிட்டர் பாவம், அதைத் திட்டாதீர்கள். ஓரத்துக்கு ஓரம் 24 வோல்ட் ஏசி, அதை 1.4-ஆல் பெருக்குங்கள், 33 வோல்ட் டிசி. 25 வோல்ட் கெப்பாசிட்டர் வேறென்ன செய்யும்? ஐசியும் போயிருக்கும், ஓடும்போது 18 வோல்ட்டுக்கு மேல் அது தாங்காது. நடு வயரை கிரவுண்டாக வைத்து, இரண்டு ஓரத்துக்கும் ஒவ்வொரு டயோடு போட்டால் 16 வோல்ட் சொச்சம் வரும், அதுவே தாராளம். ரெக்டிஃபை பண்ணிய (ஏசியை டிசியாக்கிய) பிறகு, போர்டில் கொடுப்பதற்கு முன், மீட்டர் வைத்துப் பாருங்கள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது?

கேள்வி: 3116 போர்டு வாங்கினேன். 100 + 100 வாட் என்று போட்டிருந்தது. 12 வோல்ட் 2 ஆம்ப்ஸ் அடாப்டரில் போட்டேன், ஸ்பீக்கர் 4 ஓம்ஸ். பேஸ் அடிக்கும்போதெல்லாம் கட் ஆகி கட் ஆகி வருகிறது. சத்தமும் 100 வாட் மாதிரி இல்லை. போர்டை மாற்றித் தரச் சொல்லலாமா?

வந்துவிட்டதா! மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை.

முதலில் கணக்குப் போடுவோம், மூன்றாம் வகுப்புக் கணக்குதான். இந்த மாதிரி போர்டில் சப்ளை வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓம்ஸின் இரண்டு மடங்கால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு வாட் வரும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 12 பெருக்கல் 12, 144. அதை 8-ஆல் வகுத்தால் 18 வாட். அவ்வளவுதான். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் 9 வாட். அதற்கு மேல் கூட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டு கரகரப்புதான் வரும். பெட்டியில் 100 என்று போட்டிருந்தாலும் 1000 என்று போட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இப்போது அடாப்டர். 12 வோல்ட் 2 ஆம்ப்ஸ் என்றால் மொத்தமே 24 வாட். இரண்டு பக்கமும் சேர்ந்து 36 வாட் கேட்கிற நேரத்தில் அடாப்டர் கையை விரித்துவிடும், உடனே தன்னைத்தானே காத்துக்கொள்ள அணைந்து, திரும்ப எரியும். நீங்கள் கேட்கிற ‘கட்’ அதுதான். போர்டு நன்றாக வேலை செய்கிறது. அதை மாற்றித் தரச் சொல்லி கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். சண்டை போடுவதாக இருந்தால் 100 + 100 என்று அச்சடித்ததற்காகப் போடுங்கள், நானும் கூட வருகிறேன். அந்த ஐசியைச் செய்கிறவர்களே 21 வோல்ட்டில், 4 ஓம்ஸில், 10 சதவீதம் டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவோடு) 50 வாட் என்றுதான் சொல்கிறார்கள். பத்து சதவீதம் டிஸ்டார்ஷன் என்றால் காதுக்கு நன்றாகவே தெரியும். அதையும் இரண்டால் பெருக்கி விற்கிறவர்களை என்ன சொல்வது? ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டியில் ‘பிஎம்பிஓ’ என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட் எழுதினார்கள், உள்ளே பார்த்தால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அந்தப் பழக்கம் பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் ஓடுகிறது. போர்டில் எழுதியதைப் படிக்காதீர்கள், உங்கள் சப்ளை எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப்ஸ் என்று பாருங்கள். சப்ளையில் இல்லாத வாட் ஸ்பீக்கரில் வராது.

என்ன செய்யலாம்? பழைய லேப்டாப் அடாப்டர், 19 வோல்ட், 4 ஆம்ப்ஸ் சொச்சம், சென்னை ரிச்சி தெருவில் தேடினால் சல்லிசாகக் கிடைக்கும். அதே கணக்கில் 4 ஓம்ஸில் 45 வாட் வரை போகலாம், ஒரு வீட்டு ஹாலுக்கு அது ஏகம். 24 வோல்ட் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் முதலில் போர்டில் இருக்கிற கெப்பாசிட்டரைப் பாருங்கள், 25 வோல்ட் என்று இருந்தால் 35 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். ஐசியின் எல்லையே 26-தான். போர்டுக்குப் பக்கத்தில் 2200 அல்லது 4700 கெப்பாசிட்டர் ஒன்று சேர்த்தால் பேஸ் கொஞ்சம் திடமாக இருக்கும். அதற்காக 20,000 போட்டால் சில அடாப்டர்கள் ஷார்ட் என்று நினைத்து ஆன் ஆகவே ஆகாது.

இன்னொன்று. வாட் இரண்டு மடங்கு ஆனால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்ற அளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வாட் பத்து மடங்கு வேண்டும். ஆகவே 50 வாட் போர்டைத் தூக்கிவிட்டு 100 வாட் போர்டு வாங்கும் காசை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை ஸ்பீக்கரில் டெசிபலில் போட்டிருப்பார்கள், 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 92 டெசிபல் ஸ்பீக்கர் வைத்தால், போர்டை நாலு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம்.

கேள்வி: ஸ்பீக்கர் பெட்டிக்கு மூன்று வயர்தான் போயிருக்கிறது. 3116-ல் இரண்டு மைனஸையும் ஒன்றாக்கலாமா?

கூடாது. அதில் மைனஸ் என்று போட்டிருப்பதிலும் ஆடியோ வருகிறது, அது கிரவுண்ட் இல்லை. நாலாவது வயர் இழுங்கள்.

கேள்வி: புளூடூத் மாட்யூலையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே 12 வோல்ட்டில் (மாட்யூலுக்கு 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டர் வைத்து) ஓட்டுகிறேன். பாட்டு நிற்கும்போது ‘விர்ர்ர், டிக் டிக்’ என்கிறது. வயரை மாற்றிப் பார்த்தும் போகவில்லை.

மாட்யூலை மட்டும் ஒரு பவர் பேங்கில் போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப்தான் (கிரவுண்ட் இரண்டு வழியில் சேர்ந்து வளையமாகிவிட்டது), மாட்யூல் கெட்டுப்போகவில்லை. 7805 வோல்ட்டைக் குறைக்குமே தவிர கிரவுண்டைப் பிரிக்காது. பி0505எஸ் என்று நாலு கால் கறுப்புக் குட்டி ஒன்று கிடைக்கும், 5 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, நடுவில் இணைப்பே இல்லை. 7805-க்கும் மாட்யூலுக்கும் இடையில் அதைப் போடுங்கள். அதன் வெளியீட்டு மைனஸை மறுபடி போர்டு கிரவுண்டோடு சேர்த்துவிட்டு “போட்டும் போகலை சார்” என்று எழுதாதீர்கள். ஆடியோ வயரின் கிரவுண்ட் வழியாக மட்டும்தான் சேர வேண்டும்.

கேள்வி: 7294 போர்டு, 24-0-24. டேபிளில் வைத்தால் ஓடுகிறது, கேபினட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டியதும் பியூஸ் போகிறது. மூன்று ஐசி மாற்றியாகிவிட்டது.

மூன்றா! முதல் ஐசிக்கே நிறுத்தியிருக்க வேண்டும் தம்பி. அந்த ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. கேபினட் கிரவுண்டில் இருக்கும், ஹீட் சிங்க் கேபினட்டைத் தொட்டால் மைனஸ் 34 வோல்ட் நேராக ஷார்ட். மைக்கா ஷீட், ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் வாஷர், இரண்டும் போடுங்கள். பிறகு தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மீட்டரை பஸ்ஸரில் வைத்துப் பாருங்கள், கத்தக்கூடாது. 2030-க்கும் இதே கதைதான்.

கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்ஃபார்மர் செட் எதுவானாலும் ரிப்பேர் பார்த்தபின் முதல் ஆன் சீரிஸ் லாம்ப் (மெயின் வயரில் தொடராகச் சேர்த்த பல்பு) வழியாகத்தான். 60 வாட் குண்டு பல்பு, எல்இடி பல்பு உதவாது. மின்னி அணைந்தால் சரி, பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் ஷார்ட், பியூஸும் ஐசியும் தப்பிக்கும். அடுத்து, ஸ்பீக்கர் மாட்டாமல், இன்புட்டை கிரவுண்டில் சேர்த்து அவுட்புட்டில் டிசி பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். சில வோல்ட் நின்றால் ஸ்பீக்கர் காயில் எரியும்.

உங்கள் 24-0-24 சப்ளை 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குச் சரி. 4 ஓம்ஸ் போடுவதாக இருந்தால் 18-0-18 போதும், இல்லாவிட்டால் கொதிக்கும்.

கேள்வி: 5200-1943 டிரான்சிஸ்டர் போர்டில் சத்தம் குறைவாக வைத்தால் கரகரப்பு, கூட்டினால் சரியாகிவிடுகிறது. ஸ்பீக்கர் போச்சா?

ஸ்பீக்கர் போயிருந்தால் கூட்டும்போதுதான் மோசமாகும். இது பயஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓட வேண்டிய சிறு கரண்ட்) குறைவு. எமிட்டரில் இருக்கிற 0.22 ஓம்ஸ் வெள்ளை ரெசிஸ்டர் மேல் மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, பாட்டு இல்லாமல், பிரீசெட்டை (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சின்ன கண்ட்ரோலை) மெதுவாகத் திருப்பி 10 மில்லி வோல்ட்டில் நிறுத்துங்கள். கால் மணி நேரம் சூடாக விட்டு மறுபடி பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் பயஸ் டிரான்சிஸ்டர் ஹீட் சிங்கைத் தொடவில்லை. பிரீசெட்டே இல்லாத போர்டு என்றால் அங்கே இரண்டு மூன்று டயோடு வைத்திருப்பார்கள், அதில் ஒன்று ஷார்ட்டா என்று பாருங்கள்.

கேள்வி: டோன் (பேஸ், ட்ரெபிள்) போர்டில் 4558 ஐசியை எடுத்துவிட்டு 5532 போட்டால் சவுண்டு தூக்கலாகுமா?

தூக்கலாகாது. நாய்ஸ் கொஞ்சம் குறையலாம், அதுவும் ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் தெரியும். ரெசிஸ்டரும் ஜீனர் டயோடும் வைத்து வோல்ட்டைக் குறைக்கிற போர்டாக இருந்தால் கவனம், 5532 அதிகக் கரண்ட் எடுக்கும், சப்ளை இறங்கி முன்னைவிட மோசமாகிவிடும். மாற்றியே தீருவேன் என்றால் சாக்கெட் வைத்து மாற்றுங்கள், சப்ளை கால்களுக்கு ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு ‘கரகர’ என்கிற வால்யூம் கண்ட்ரோலை மாற்றுவேன்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை பெட்டியை 12 வோல்ட் சப்ளையாக வைக்கலாமா?

வைக்கலாம். பச்சை வயரை ஒரு கறுப்போடு சேர்த்தால் ஆன் ஆகும், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு மைனஸ். பழையது சிலவற்றில் 5 வோல்ட் சிவப்பு வயரில் லோடு இல்லாவிட்டால் 12 சரியாக நிற்காது, ஒரு 10 ஓம்ஸ் 10 வாட் ரெசிஸ்டர் போடுங்கள், அது சுடும், பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் மைனஸ் எர்த்தோடு சேர்ந்தது என்பதால் கம்ப்யூட்டரிலிருந்தே பாட்டு போட்டால் ஹம்மிங் வரலாம். ஃபேன் சத்தம் பிடிக்கவில்லை என்று மூடியைத் திறந்து நோண்டாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் கொஞ்ச நேரம் நிற்கும்.