கிஸ்திப் புத்தகமும் சீல் தோலும்

வணக்கம் சார்,

கம்பெனி ஆட்சிகள் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: "வங்கதேச மீனவனும் அலாஸ்காவின் அலியூட்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தவர்கள்." இது அழகுக்காக எழுதியதா, நிஜமாகவே அப்படி நினைக்கிறீர்களா? வங்கதேசத்தின் தனிநபர் வருமானம் வருடத்துக்கு 2,500 டாலர் சொச்சம். அலாஸ்காவில் எண்ணெய்ப் பணத்தின் பங்கென்று ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் அரசு சும்மா கொடுத்ததே 2022-ல் 3,284 டாலர். அலியூட் பழங்குடிகளுக்கு நிலம் இருக்கிறது, கார்ப்பரேஷன் என்று சொந்தப் பங்குக் கம்பெனி இருக்கிறது, கையில் அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறது. ஏழை என்ற சொல்லை இரண்டு பேருக்கும் பொதுவாகப் போட்டால் அசல் ஏழைக்கு அது அவமானம் இல்லையா? நேராகவே கேட்கிறேன், இரண்டில் எங்கே பிறந்திருக்க விரும்புவீர்கள்?

ர., கோவை

அன்புள்ள ர.,

வரி கொஞ்சம் ஜோடனைதான், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் எண்களும் சரி. உங்கள் கட்சிக்கு வலுவாக இன்னொரு எண்ணை நானே தருகிறேன்: வங்கதேச கார்மென்ட்ஸ் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளம் 2023 டிசம்பரிலிருந்து மாதம் 12,500 டாக்கா. பன்னிரண்டால் பெருக்கி டாலராக்கிப் பாருங்கள், நீங்கள் சொன்ன 3,284-ல் பாதிகூட வராது. பணத்தை மட்டும் வைத்துப் பேசினால் பேச்சு இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் அந்த வரி எங்கே இருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருந்தபோது சில தடவை நாராயண்கஞ்ச் போக வேண்டியிருந்தது. டாக்காவுக்குப் பக்கத்தில், சீதலக்கியா ஆற்றங்கரையில், நமக்கு நேர்ப் போட்டியான பின்னலாடை ஊர். ஒரு மத்தியானம் தையல் லைனிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து சூப்பர்வைசரிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டாள். எனக்குப் பெங்காலி அரைகுறை, அவள் சொன்னதில் இரண்டு சொல்தான் காதில் விழுந்தது: "ஆஜ் கிஸ்தி." இன்றைக்குக் கிஸ்தி. தூக்கிவாரிப்போட்டது. நமக்குக் கிஸ்தி என்றால் கம்பெனிக்காரன் கேட்டு கட்டபொம்மன் கொடுக்க மறுத்தது. அங்கே அது மைக்ரோ கிரெடிட்டின் வாரத் தவணை. அரபியிலிருந்து கிளம்பிய ஒரே சொல், இங்கே பாட்டன் காலத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே பிளாஸ்டிக் உறை போட்ட பாஸ்புக்காக அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது. உறைக்குள் ஒரு பக்கம் தவணைப் பட்டியல், ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கையெழுத்து. ஓரமெல்லாம் மஞ்சள் கறை. அப்பாவுக்கு வலை வாங்கித்தந்த கடனாம். அப்பா தெற்கு வங்கதேசத்தில் பரிசால் பக்கம் இலிஷ் பிடிக்கிறவர், நம்மூரில் உல்லம் என்போமே, அந்த மீன்.

வலைக்குக் கடன் கொடுக்க ஊரிலேயே ஆள் இருக்கும், எதற்கு மகள் பேரில் வாங்கினார் என்று கேட்டேன். அப்போதுதான் தாதோன் என்ற சொல்லைக் கேள்விப்பட்டேன். சீசனுக்கு முன்னால் மீன் மண்டிக்காரர், அவர்கள் பாஷையில் ஆரத்தார், வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் தருவார். வட்டி என்று தனியாக எதுவும் கேட்பதில்லை. ஆனால் பிடித்த மீன் மொத்தத்தையும் அவர் மண்டியில்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை, அதிலும் கமிஷன் பிடித்துக்கொள்வார். கடன் தீராது. தீரவும் விடமாட்டார்கள், தீர்ந்துவிட்டால் மீனவன் அடுத்த மண்டிக்குப் போய்விடுவானே. நம் கடற்கரையில் ஏலக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெசவாளருக்கு கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்ததும் தாதோன்தான், அவுரி பயிரிட வைக்க வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் விவசாயிகளிடம் திணித்ததும் தாதோன்தான். 1859-ல் ஜெசோர், நாடியா பக்கம் அவுரிக் கலகம் வெடித்ததே அந்த முன்பணத்தை இனி வாங்கமாட்டோம் என்றுதான்.

இப்போது அலாஸ்காவுக்கு வாருங்கள். அலியூட் என்பது ரஷ்யர்கள் வைத்த பெயர், அவர்கள் தங்களை உனாங்கன் என்பார்கள். 1741-ல் ரஷ்யா அனுப்பிய பெரிங் கூட்டத்தின் பயணத்துக்குப் பிறகு தோல் வியாபாரிகள் வரிசையாக வந்திறங்கினார்கள். நோயும் துப்பாக்கியும் கட்டாய வேட்டையும் சேர்ந்து, ஒரு நூற்றாண்டுக்குள் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த ஜனம் இரண்டாயிரம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 1799-ல் ரஷ்ய அமெரிக்கக் கம்பெனி என்றே ஒன்று சாசனம் வாங்கி ஆட்சியும் செய்தது. ஆளே இல்லாத பிரிபிலோஃப் தீவுகளில் சீல் என்ற கடல் விலங்குகள் லட்சக்கணக்கில் குட்டி போடுவதை 1786-ல் கண்டுபிடித்து, அலியூட் குடும்பங்களை அங்கே கொண்டுபோய் இறக்கியதும் ரஷ்யர்கள்தான். செயின்ட் பால், செயின்ட் ஜார்ஜ் என்ற இரண்டு ஊர்கள் அப்படி உண்டானவை.

1867-ல் அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கியது. அந்தப் பணத்தை சீல் தோலிலேயே திரும்ப எடுத்தும்விட்டது. முதலில் ஒரு தனியார் கம்பெனிக்குத் தீவுகளைக் குத்தகைக்கு விட்டார்கள், தோலுக்கு 40 சென்ட் அலியூட்டின் கணக்கில் வரவு. 1910-லிருந்து அரசே நேரடியாக நடத்தியது. இந்த அரசு காலம்தான் படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைகிறது. விடியற்காலையில் ஈரப்புல் மேல் சீல் மந்தையை மெதுவாக, சூடேறிச் செத்துவிடாதபடி, உள்பக்கம் ஓட்டி வர வேண்டும். அப்புறம் தடியால் அடி, உரி, உப்புப் போட்டு அடுக்கு. கூலி பெரும்பாலும் ரொக்கமாக வராது, அரசு ஸ்டோரில் மாவும் துணியும் எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு என்று ஏஜென்ட் எழுதி வைப்பார். தீவை விட்டு வெளியே போக அவர் அனுமதி வேண்டும். சர்க்கரைகூட அளந்துதான், ஏனென்றால் அதை ஊறவைத்து குவாஸ் என்ற நாட்டு பீர் தயாரித்துவிடுவார்கள். 1924-ல் குடியுரிமை வந்த பிறகும் தீவில் நிலைமை இதுதான். நான் சொன்ன கணக்குப் புத்தகம் இது. பரிசாலில் மண்டிக்காரர் வைத்திருந்ததை இங்கே சர்க்காரே வைத்திருந்தது.

ஒரே கணக்குப் புத்தகம் என்று எழுத வைத்தது ஒரு வருடம், 1942. ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயம் ஒரே சமயத்தில் இரண்டு கடற்கரையிலும் பரவியது. வங்கத்தில் பிரிட்டிஷ் அரசு 'மறுப்புக் கொள்கை' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எதிரி வந்தால் அவன் கையில் படகு கிடைக்கக் கூடாதாம், அதனால் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளையெல்லாம் கடலோர மாவட்டங்களில் பறித்தார்கள், உடைத்தார்கள், மூழ்கடித்தார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல். உபரி நெல்லையும் அள்ளிப்போனார்கள். ஆறே சாலையாக இருக்கிற ஊரில் படகில்லாமல் மீனவன் எங்கே போவான், நெல் எப்படி நகரும்? அடுத்த வருடப் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல, அதில் இது ஒன்று. செத்தவர்கள் சுமார் 30 லட்சம்.

அதே 1942 ஜூனில் ஜப்பான் அலியூட்களின் தீவுச் சங்கிலியில் நுழைந்தது, டச்சு ஹார்பர் துறைமுகத்தில் குண்டு போட்டு, கிஸ்கா, அட்டு தீவுகளில் இறங்கியது. ஆட்கா ஊரை ஜப்பான்காரன் பயன்படுத்திவிடக் கூடாது என்று அமெரிக்கக் கடற்படை வீடுகளையும் தேவாலயத்தையும் கொளுத்தியது. ஜனங்கள் அப்போது மீன்பிடி முகாம்களில் இருந்தார்கள், கட்டிய துணியோடு கப்பலேறினார்கள். மொத்தம் 880 பேருக்கு மேல், ஒன்பது தீவு ஊர்க்காரர்களை, மரமே இல்லாத காற்றுவெளியில் பிறந்து வளர்ந்தவர்களை, தென்கிழக்கு அலாஸ்காவின் இருண்ட காட்டுக்குள் மூடிக்கிடந்த மீன் டப்பா ஆலைகளில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். ஃபன்டர் பே என்ற இடத்தில் சுத்தமான தண்ணீர் கிடையாது, அம்மையும் நிமோனியாவும் காசநோயும் வந்தன. பத்தில் ஒருவர் திரும்பவில்லை. அட்டுக்காரர்கள் சுமார் 40 பேரை ஜப்பான் தன் நாட்டு ஒட்டாரு ஊருக்குக் கொண்டுபோனது, ஏறக்குறைய பாதிப்பேர் அங்கேயே செத்துப்போனார்கள், மிஞ்சியவர்களை அமெரிக்கா அட்டுவுக்குத் திரும்பவே விடவில்லை. இதற்கு நடுவில் 1943-ல், மனைவி பிள்ளைகளை முகாமிலேயே விட்டுவிட்டு, பிரிபிலோஃப் ஆண்களை மட்டும் சீல் அடிக்கக் கூட்டிப்போனார்கள். அந்த சீசனில் லட்சத்துக்கு மேல் தோல் எடுத்தார்கள். இதைப் படித்த ராத்திரிதான் உங்களுக்குப் பிடிக்காத அந்த வரியை எழுதினேன்.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றம் உயிரோடிருந்த ஒவ்வொரு அலியூட்டுக்கும் 12,000 டாலர் இழப்பீடும் மன்னிப்பும் சட்டமாகவே கொடுத்தது. வங்கத்துக்கு எந்தப் பைசாவும் வரவில்லை. சில நூறு பேருக்கு மன்னிப்புக் கேட்பது கட்டுப்படியாகும், கோடிக்கணக்கில் இருந்தால் யார் கேட்பார்கள் என்று கசப்பாகத் தோன்றுகிறது.

சரி, இன்றைக்கு. ஆள் கணக்கு இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. நாராயண்கஞ்சில் ஆதம்ஜி சணல் ஆலை, 1951-ல் தொடங்கியது, உலகத்திலேயே பெரியது என்று பேர். பிளாஸ்டிக் சாக்கு வந்து சணலைச் சாய்த்தது, 2002-ல் மூடினார்கள், ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். நான்கு வருடத்தில் அதே இடத்தில் ஏற்றுமதி மண்டலம், உள்ளே கார்மென்ட்ஸ். ஒரு நாடு இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்ற ஜவுளிக் கோட்டா முறை 2005-ல் முடிந்தபோது வங்கதேசம் படுத்துவிடும் என்று பல பேர் ஆரூடம் சொன்னார்கள், எங்கள் ஊரில் சிலர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதும் எனக்குத் தெரியும். படுக்கவில்லை, வளர்ந்தது. பதினேழு கோடி ஜனம், அதில் குறைந்த கூலிக்கு வரும் நாற்பது லட்சம் கை. அந்தக் கைகளுக்கு என்ன விலை என்பது 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்த ராணா பிளாசா கார்மென்ட்ஸ் கட்டிடத்தில் 1,134 உயிர்களாகத் தெரிந்தது. ஆனாலும் ஒரு சரக்கு போனால் இன்னொரு சரக்கு அந்த ஊரைத் தேடி வருகிறது.

செயின்ட் பாலில் அப்படி எதுவும் தேடி வராது. 1983-ல் அரசு சீல் தொழிலைக் கைவிட்டு, இரண்டு தீவுக்கும் சேர்த்து 2 கோடி டாலர் அறக்கட்டளைப் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. துறைமுகம் கட்டி நண்டுக்கு மாறினார்கள், 1992-லிருந்து பெரிங் கடல் மீன் ஒதுக்கீட்டில் கரையோர ஊர்களுக்கு ஒரு பங்கு கிடைத்தது, நல்ல திட்டம், ஊர் நிமிர்ந்தது. அப்புறம் 2018, 2019-ல் கடல் சூடேறியது. பனிநண்டுக்குச் சூட்டில் பசி அதிகம், தீனி போதவில்லை, சுமார் 1,000 கோடி நண்டு மாயமாகிவிட்டது. 2022-ல் வரலாற்றிலேயே முதல் தடவையாக அந்த சீசனை மூடினார்கள். ஊரின் வரி வருமானமே நண்டை நம்பித்தான் இருந்தது. ஏறக்குறைய 400 பேர் இருக்கிற தீவு, அடுத்த பெரிய ஆஸ்பத்திரி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஆங்கரேஜில். யார் புதுத் தொழிற்சாலை போட வருவார்கள்?

கார்ப்பரேஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1971 சட்டம் அலாஸ்கா பழங்குடிகளுக்கு 4.4 கோடி ஏக்கரும் 96 கோடி டாலர் சொச்சமும் கொடுத்தது, ஆனால் குலமாக இருந்தவர்களை ஷேர்ஹோல்டர்களாக மாற்றி. அந்த வருடம் டிசம்பர் 18-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குத் தானாக ஷேர் கிடையாது. அண்ணன் பங்குதாரர், தம்பி இல்லை. அதே 1971 டிசம்பரில்தான் வங்கதேசம் விடுதலை ஆனது, அங்கே அன்று பிறந்த குழந்தைக்கு ஒரு நாடு கிடைத்தது, ரொம்ப ஏழையான நாடு. பாஷைக்காக 1952-ல் உயிரைக் கொடுத்த ஜனத்தின் நாடு. உனாங்கன் பாஷையைச் சரளமாகப் பேச இன்று நூறு பேர் தேறுவது கடினம்.

இன்னொரு எண். 2021-ல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் சராசரி ஆயுள் 65 சொச்சம். அது அலாஸ்கா உட்பட எல்லாப் பூர்வகுடிகளுக்கும் சேர்த்து, கோவிட் வருடம் வேறு, அதனால் இதை வைத்து ரொம்ப ஆடக் கூடாது. அதே கோவிட் வங்கதேசத்துக்கும் வந்தது, அங்கே எழுபதைத் தாண்டித்தான் இருந்தது. குடி, தற்கொலை, விபத்து என்று அமெரிக்கப் பூர்வகுடிகள் இளம் வயதிலேயே போகிறார்கள். வங்கதேசத்தில் எண்பதுகளில் பிராக் என்ற தொண்டு அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில், மூன்று விரல் உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று வயிற்றுப்போக்குக்குக் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் டாலர் பட்டியலில் அந்த மூன்று விரல் உப்பு எங்கே வரும்?

எங்கே பிறந்திருப்பேன் என்று கேட்டீர்கள். 1942 என்றால் இரண்டு இடமும் வேண்டாம். இன்றைக்கு என்றால், ராத்திரி குழந்தைக்கு மூச்சு வாங்கினால் செயின்ட் பாலில் கிளினிக் இருக்கிறது, பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம், பனிமூட்டம் விலகி விமானம் இறங்கினால் சரி. பரிசாலில் ஆஸ்பத்திரி பக்கம்தான், ஆனால் அந்த நாட்டில் மருத்துவச் செலவில் ஏறத்தாழ எழுபது சதவீதம் சொந்தக் கையிலிருந்து போகிறது, அதற்காக இன்னொரு கிஸ்திப் புத்தகம் திறக்க வேண்டிவரும். நோயாளியாக செயின்ட் பாலைத்தான் எடுத்துக்கொள்வேன். இருபது வயதுப் பெண்ணாக, வேலை தேடிக்கொண்டிருந்தால், யோசிக்காமல் நாராயண்கஞ்ச். அந்தப் பெண் அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து லைனில் உட்கார்ந்துவிட்டாள், சூப்பர்வைசர் அதைச் சம்பளத்தில் பிடித்தாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.