ஏறும்போது வீணாக நிற்கிறது, இறங்கும்போது மரத்தை முட்டுகிறது: சரிவில் ஓடும் புல்வெட்டும் ரோபோவுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் மலைச்சரிவில் எங்கள் வீடு. தோட்டம் ஏறக்குறைய 15 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஆர்டுமோவர் என்ற திறந்தமூல வடிவமைப்பைப் பார்த்து நானே ஒரு புல்வெட்டும் ரோபோ செய்திருக்கிறேன். எடை 12 கிலோ. பின்சக்கரம் இரண்டுக்கும் மோட்டார், முன்னால் சுழல் சக்கரம். மோட்டார் கரண்ட் ஒரு வரம்பைத் தாண்டினால் மோதிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். மேலே ஏறும்போது எதிரே ஒன்றுமே இல்லாமல் நின்று திரும்பியதால் வரம்பை உயர்த்தினேன். இப்போது கீழே இறங்கும்போது ஆப்பிள் மரத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது, சக்கரம் சுற்றிச் சுற்றிப் புல்லைப் பிய்க்கிறது. வரம்பை எந்த அளவில் வைத்தால் சரிவரும்?

பதில்: எந்த அளவில் வைத்தாலும் சரிவராது. கோளாறு வரம்பின் அளவில் இல்லை, எதை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். மோட்டார் தள்ளும் விசைக்கு ஏற்பவே கரண்ட் ஏறி இறங்கும் என்பதால், வரம்பையும் விசையாகவே கணக்கிடுகிறேன்.

12 கிலோ வண்டியைப் புவியீர்ப்பு 15 டிகிரி சரிவில் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 30.5 நியூட்டன். புல்லில் உருளும் தடையை எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால் அது சமதரையில் 12 நியூட்டன், சரிவில் சற்றே குறைந்து 11.4. ஆக, சமதரையில் மோட்டார் தள்ள வேண்டியது 12 நியூட்டன்தான், ஏறும்போது 42, இறங்கும்போதோ மோட்டார் தள்ளவே வேண்டாம், 19 நியூட்டன் அளவுக்குப் பிடித்து நிறுத்த வேண்டும். ஏறும்போது நிற்காமலிருக்க வரம்பை 55க்கு உயர்த்தியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இறக்கத்தில் மரம் குறுக்கே வந்தால், மோட்டார் மைனஸ் 19இலிருந்து 55 வரை போனால்தான் மோதல் பதிவாகும். ஆனால் இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்ந்துவிடுவதால் பின்சக்கரத்தின் மீது விழுவது 70 நியூட்டனுக்குக் கீழேதான் இருக்கும். அதில் பாதியைப் பிடிப்பாகக் கொண்டால், 35 நியூட்டனிலேயே சக்கரம் வழுக்கத் தொடங்கிவிடும். 55ஐ அது தொடவே தொடாது. உங்கள் புல் பிய்வதற்குக் காரணம் இதுதான்.

தராசில் முதலில் வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டுப் பொருளை நிறுப்போம் அல்லவா, அதைத்தான் இங்கும் செய்ய வேண்டும். இந்தச் சாய்வில் இந்த வேகத்துக்கு எவ்வளவு விசை தேவை என்று முன்கூட்டிக் கணக்கிட்டு, அளந்ததிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதற்கு மட்டும் வரம்பு வையுங்கள். 15 நியூட்டன் அளவில் தொடங்கலாம். ஏற்றமோ இறக்கமோ, மரத்தின் மீது விழும் அழுத்தம் அந்த 15ஐத் தாண்டியதும் வண்டி உணர்ந்துவிடும். இறக்கத்தில் சக்கரம் வழுக்கும் கட்டத்துக்கே போகாது. 0.2 நொடி தொடர்ந்து தாண்டினால்தான் மோதல் என்று கொள்ளுங்கள். நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் அது 6 சென்டிமீட்டர் தூரம், ஏற்கக்கூடியதே. கிளம்பும் கணத்தில் முடுக்கத்துக்குக் கூடுதல் விசை வேண்டும் என்பதால் அந்த அரை நொடியை விட்டுவிடலாம்.

இதற்குச் சூத்திரப் புத்தகம் தேவையில்லை. ஒன்றும் குறுக்கிடாத இடத்தில் வண்டியை மேலும் கீழும் குறுக்கேயும் ஓட்டி, சாய்வுக்கு எதிரே கரண்டை வரைபடமாக இடுங்கள். புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரு நேர்கோட்டில் அமையும். ஆனால் இறக்கத்தில் சக்கரம்தான் கியர்பெட்டி வழியாக மோட்டாரைச் சுற்றுகிறது. உராய்வு அப்போது எதிர்ப்பக்கம் வேலை செய்வதால் கோட்டின் சரிவு மாறும். ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு கோடுகளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, பலரும் இதில்தான் சிக்குகிறார்கள். மோட்டார் டிரைவர் சில்லுகள் பலவும் மோட்டாருக்குள் போகும் கரண்டை மட்டுமே காட்டும். மோட்டார் பிரேக்காக வேலை செய்யும்போது அவை பூஜ்யம் என்று சொல்லும். உங்கள் டிரைவர் அந்த வகையா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், வேகக் கட்டுப்பாட்டு நிரல் கொடுக்கும் பி.டபிள்யூ.எம். அளவை, அதாவது மோட்டாருக்கு விட்டுவிட்டுத் தரும் மின்னழுத்தத்தின் சராசரியை, எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்துக்கு மட்டும் தேவையான மின்னழுத்தத்தை அதிலிருந்து கழித்தால், மீதி முறுக்குவிசையைச் சொல்லிவிடும்.

சாய்வை ஆக்சிலரோமீட்டர் என்ற முடுக்கமானியை மட்டும் வைத்து அளக்காதீர்கள். 30 சென்டிமீட்டர் வேகத்தில் வரும் வண்டி மோதி 0.1 நொடியில் நின்றால், அந்தக் கருவிக்கு அது 17 டிகிரி சாய்வாகத் தெரியும். உங்கள் தோட்டத்தின் சரிவைவிட அது பெரிது! திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோவுடன் சேர்த்து, ஒரு நொடி அளவுக்கு மெதுவாக மாறும் வடிகட்டியில் போட்டு எடுங்கள். கைரோ இன்னொரு விதத்திலும் உதவும்: இரண்டு சக்கரங்களின் வேகத்தை வைத்துப் பார்த்தால் வண்டி நேராகப் போக வேண்டும், கைரோவோ நொடிக்கு 10, 15 டிகிரி திரும்புகிறது என்கிறது என்றால், ஓரம் எதிலோ இடித்திருக்கிறது அல்லது ஒரு சக்கரம் வழுக்குகிறது. இரண்டுக்குமே நிற்பதுதான் சரி.

ஈரப் புல்லில் பிடிப்பு இன்னும் குறையும், அப்போது விசைக் கணக்கும் கைகொடுக்காமல் போகலாம். முன்சுழல் சக்கரத்தில் இரண்டு மூன்று சிறு காந்தங்களை ஒட்டி, பக்கத்தில் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார் பொருத்துங்கள். பின்சக்கரம் சுற்றுகிறது, முன்சக்கரம் நின்றுவிட்டது என்றால் வண்டி நகரவில்லை. சில யூரோ செலவில் இவ்வளவு நம்பகமான தகவல் வேறெதிலும் கிடைக்காது.

இத்தனையும் பம்பருக்கு மாற்று அல்ல. கடையில் விற்கும் பல வண்டிகளில் மேலுறையே இறுக்கமின்றி அசையும்படி பொருத்தப்பட்டிருக்கும். அது நகர்ந்தால் மோதல். 2 கிலோ மேலுறை 15 டிகிரியில் தானாகவே 5 நியூட்டன் விசையுடன் கீழே சரியும், ஆகவே சுவிட்சுக்குப் பதில் நகர்வின் அளவைச் சொல்லும் ஹால் சென்சார் வைத்து, சாய்வுக்கான பங்கை இங்கேயும் கழிக்க வேண்டும். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது முன்விளிம்பைச் சுற்றிய ரப்பர் குழாயும் காற்றழுத்த சென்சாரும். குழாய்க்கு எடை குறைவு, சரிவு அதைப் பாதிக்காது. வெயிலில் அழுத்தம் மெல்ல ஏறும் என்பதால் திடீர் மாற்றத்தை மட்டும் கவனியுங்கள். எதிரொலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரைச் சரிவில் நம்ப வேண்டாம்; பள்ளத்தின் அடியில் எதிரே எழும் தரையையே தடை என்று சொல்லும்.

மோதிய பிறகு என்ன செய்வது என்பதும் சாய்வைப் பொறுத்தது. ஏற்றத்தில் மோதினால் பின்வாங்குவது இறக்கம், வேகத்துக்குக் கடிவாளம் போடுங்கள். இறக்கத்தில் மோதினால் பின்வாங்குவது ஏற்றம். மெதுவாக, நேராகப் பின்வந்த பிறகே திரும்பட்டும். இறங்கும் வேகத்தையும் பாதியாக்குங்கள், மோதும் ஆற்றல் கால்பங்காகும்.

வண்டி தூக்கப்பட்டால், கவிழ்ந்தால் கத்தியை நிறுத்தும் சென்சார்கள் தனிச் சுற்றாகவே இருக்கட்டும். மேலே சொன்ன எந்தக் கணக்கும் அவற்றைத் தடுக்க இடம் தராதீர்கள். ரோபோ புல்வெட்டிகளின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிர்ணயம் ஐ.இ.சி. 60335-2-107ஐக் கட்டாயம் பாருங்கள். இருட்டிய பின் ஓட்டவும் வேண்டாம். டென்மார்க்கில் முள்ளெலிகளை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், சோதித்த வண்டிகள் எல்லாமே முள்ளெலியைத் தொட்ட பிறகுதான் உணர்ந்தன. இரவில் உலவும் அந்த உயிர் ஆபத்து வந்தால் ஓடாது, சுருண்டு கிடக்கும்.

மாற்றங்களைச் செய்தபின், கத்திகளைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். சரிவில் ஒரு முளை அடித்து, வண்டியின் பின்புறத்தை அதனுடன் வில்தராசு வழியாகக் கயிற்றால் கட்டி ஓடவிடுங்கள். வண்டி நிற்கும் கணத்தில் தராசு காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றம், இறக்கம், குறுக்கு மூன்றிலும் ஒன்றரை கிலோவை ஒட்டியே வர வேண்டும். இறக்கத்தில் மட்டும் கூடினால், கியர் உராய்வுக்கான அந்த இரண்டாவது கோட்டைத் திருத்துங்கள்.